கிறிஸ்தவரே, கோயிலுக்குப் போங்கள்: ஒரு நாத்திகன் சொல்கிறேன்

“இயேசுவை நம்புகிறேன், ஆனால் கோயிலுக்குப் போவதில்லை” என்று சொல்லும் கிறிஸ்தவர்களை மைசூரில் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் படித்தவர்கள், நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள். பங்குத்தந்தையோடு மனக்கசப்பு, பங்குப் பேரவையில் கோஷ்டிச் சண்டை, காணிக்கைக் கணக்கில் சந்தேகம் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஆலயங்கள் பூட்டப்பட்டபோது கைபேசியில் திருப்பலியும் ஆராதனையும் பார்க்கத் தொடங்கியவர்களில் சிலர், கதவு திறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. கேட்டால், “கடவுள் எங்கும்தானே இருக்கிறார்?” என்கிறார்கள். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்று தெரிந்ததும், தங்கள் முடிவை நான் மெச்சுவேன் என்றும் எதிர்பார்க்கிறார்கள்.

மெச்ச மாட்டேன். கடவுளையும் விட்டுவிட்டீர்கள் என்றால் பேச்சு வேறு. கடவுளை வைத்துக்கொண்டு மனிதர்களை மட்டும் விட்டிருக்கிறீர்கள். இதில் பகுத்தறிவு எங்கே இருக்கிறது?

தனியறையில் நீங்கள் வணங்கும் இயேசு ஒருநாளும் உங்களை மறுத்துப் பேச மாட்டார். உங்களுக்குப் பிடித்தவர்களை அவருக்கும் பிடிக்கும். நீங்கள் மன்னிக்க விரும்பாத தம்பியை அவரும் மன்னிக்கச் சொல்ல மாட்டார். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று கேட்க மாட்டார். யாராலும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் வைக்கப்பட்ட நம்பிக்கை, வைத்திருப்பவரின் விருப்பங்களுக்கே தலையாட்டும். மூடநம்பிக்கை வளர்வதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. உங்கள் நம்பிக்கைக்கு ஏதாவது சோதனை உண்டென்றால், அது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதர்தான். அவரிடமிருந்துதான் நீங்கள் எழுந்து வந்துவிட்டீர்கள்.

இதற்கான சான்று நம் ஊரிலேயே நிற்கிறது. அசோகா சாலையில், லஷ்கர் மொகல்லாவில், 175 அடி உயர இரட்டைக் கோபுரங்களோடு இருக்கும் புனித பிலோமினா பேராலயத்தைப் பார்க்காத மைசூர்க்காரர் இருக்க முடியாது. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் சாயலில் எழுப்பப்பட்ட அதற்கு, 1933 அக்டோபர் 28 அன்று அடிக்கல் நாட்டியவர் இந்து அரசரான நான்காம் கிருஷ்ணராஜ உடையார்.

அந்தப் பிலோமினா யார்? 1802இல் ரோம் நகரின் பிரிசில்லா நிலவறைக் கல்லறைகளில் ஒரு குழியைத் திறந்தார்கள். உள்ளே எலும்புகள். குழியை மூடியிருந்த மூன்று சுட்ட ஓடுகளில் எழுத்துகள் இருந்தன. இருந்த வரிசையில் படித்தால் பொருள் வரவில்லை. முதல் ஓட்டைக் கடைசிக்கு நகர்த்தி வரிசையை மாற்றிப் படித்து, ‘ஃபிலுமேனா, உனக்குச் சமாதானம்’ என்று பொருள் கண்டார்கள். எலும்புகளுக்கு உரியவள் மறைசாட்சியாக இறந்த இளம்பெண் என்று முடிவு செய்தார்கள். அவளுடைய வாழ்க்கை வரலாறு முழுவதும் பின்னாளில் நேப்பிள்ஸ் நகரத்துக் கன்னியாஸ்திரி ஒருவருக்குக் காட்சியில் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் ஒராசியோ மருக்கி, அந்த ஓடுகள் வேறொரு பழைய கல்லறையிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தப்பட்டவை, எலும்புகளுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை என்று வாதிட்டார். 1961 பிப்ரவரி 14 அன்று வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம், எல்லா வழிபாட்டு நாள்காட்டிகளிலிருந்தும் பிலோமினாவின் பெயரை நீக்கும்படி ஆணையிட்டது.

அந்தப் பெயரை நம்பி எழுந்த ஆலயம் அதன் பிறகு வெறிச்சோடியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இன்றும் அங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது, இறந்தவருக்காகத் திருப்பலி நடக்கிறது. புனிதரின் வரலாறு ஆட்டம் கண்டது, கூடிய மக்கள் ஆட்டம் காணவில்லை. அவர்களைப் பிடித்து வைத்திருந்தது எலும்புத்துண்டு என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் வந்து நின்றதும், ஒருவர் பிள்ளைக்கு இன்னொருவர் ஞானத்தாயாக நின்றதும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. கோயிலுக்குப் போகாத கிறிஸ்தவரே, உங்களிடம் இரண்டு இருந்தன: நம்பிக்கை ஒன்று, கூட்டம் ஒன்று. சோதனையில் நின்றதைத் தூக்கி எறிந்துவிட்டு, சோதிக்கவே முடியாததைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

இது என் ஊகம் மட்டுமல்ல. ராபர்ட் புட்னம், டேவிட் கேம்ப்பெல் என்ற இரண்டு அறிஞர்கள் அமெரிக்க மதவாழ்வை ஆராய்ந்து 2010இல் ‘அமெரிக்கன் கிரேஸ்’ என்ற நூலை வெளியிட்டார்கள். தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறவர்கள் அதிகம் தானம் செய்கிறார்கள், ஊர்க்காரியங்களில் அதிகம் உழைக்கிறார்கள் என்பது ஆய்வில் தெரிந்தது. காரணம் தேடியபோது, ஒருவர் கடவுளை எவ்வளவு ஆழமாக நம்புகிறார், தனியாக எவ்வளவு ஜெபிக்கிறார் என்பதில் விடை இல்லை. சபைக்குள் அவருக்கு எத்தனை நண்பர்கள் என்பதில்தான் இருந்தது. கணவனோ மனைவியோ அழைத்துப்போய்ச் சபையோடு கலந்துவிட்ட நாத்திகர்கூட, தனியே உருகி ஜெபிக்கும் பக்தரைவிட அடுத்தவருக்கு உதவ முன்வருவார் என்ற அளவுக்கு அவர்கள் எழுதினார்கள். பக்திமான்கள் யோசிக்க வேண்டிய முடிவு இது.

உங்கள் வேதமும் இதையேதான் சொல்கிறது. பசித்தவனுக்குச் சோறு, அந்நியனுக்கு இடம், நோயாளிக்கும் சிறையில் இருப்பவனுக்கும் துணை என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இயேசு போடும் பட்டியலில் தனியறையில் முடிக்கக்கூடிய வேலை ஒன்றுகூட இல்லை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் கூடி அப்பம் பிட்டதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அது. அது ஒரு புகார். வசதியானவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்து மயங்குகிறார்கள், ஏழைகள் பட்டினியாக நிற்கிறார்கள் என்று பவுல் கோபப்படுகிறார். சபை அன்றைக்கே இப்படித்தான் இருந்தது. அதற்காக, “கலைந்து போய் அவரவர் வீட்டில் இயேசுவை நம்புங்கள்” என்று அவர் எழுதவில்லை. கூடுங்கள், ஒருவர் வரும்வரை மற்றவர் காத்திருங்கள் என்றுதான் எழுதினார். சபையில் அநியாயம் இருக்கிறது என்பது விலகுவதற்கான காரணம் என்றால், கிறிஸ்தவம் கொரிந்துவிலேயே முடிந்திருக்கும்.

என்னைப் போன்ற ஒருவன் கேட்ட கேள்விக்கு உங்களில் ஒருவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதையும் நினைவூட்டுகிறேன். 1833, பாரிஸ். மாணவர்களின் விவாதக் கூட்டம் ஒன்றில், பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது இளைஞர் கிறிஸ்தவத்தின் பெருமைகளை அடுக்கினார். சமத்துவம் பேசிய சேன்-சிமோன் கொள்கைக்காரர் ஒருவர் எழுந்து, பழம்பெருமை போதும், இன்று ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஓசானாம் வீட்டுக்குப் போய் மறுப்பு எழுதிக்கொண்டிருக்கவில்லை. நண்பர்களைக் கூட்டினார். பாரிசின் ஏழைத் தெருக்களை நன்கு அறிந்த ரோசலி ரெந்தூ என்ற அருட்சகோதரியிடம் போய், எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். தங்கள் குளிருக்கு வைத்திருந்த விறகைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள் என்று அவர் வழி வந்தவர்கள் சொல்வது வழக்கம். அப்படிப் பிறந்ததுதான் புனித வின்சென்ட் தே பவுல் சபை.

அந்தச் சபையின் கிளை இன்று நம் பங்குகளில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். மேசைமேல் ஒரு நோட்டு. எந்தக் குடும்பத்துக்கு அரிசி, யாருக்கு இரத்த அழுத்த மாத்திரை, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி என்று அதில் இருக்கும். ஒரு துணிப்பை கைமாறும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்பதே மற்றவருக்குத் தெரியாது. பிறகு இரண்டிரண்டு பேராக அந்த வீடுகளுக்குப் போவார்கள். எந்த அற்புதமும் இதில் இல்லை, எதிர்த்து வாதிட எனக்கும் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பையைத் தனி ஆளாகச் சுற்றிவிட முடியாது. வீட்டிலிருந்தபடியே ஏதாவது அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாமே என்பீர்கள். அனுப்புங்கள். ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்கள் வங்கிக் கணக்குக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

கூட்டத்தை இழந்தால் நம்பிக்கை என்ன ஆகும் என்பதற்கும் மைசூர் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. 1784இல் திப்பு சுல்தான், போரில் ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில் கனரா கத்தோலிக்கர்களைச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்தி வந்தார். எண்ணிக்கை 30,000 முதல் 80,000 வரை பலவாறாகச் சொல்லப்படுகிறது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, குருக்கள் துரத்தப்பட்டார்கள், பலர் வற்புறுத்தி மதம் மாற்றப்பட்டார்கள். 15 ஆண்டுகள் கழித்து, 1799இல் கோட்டை வீழ்ந்த பிறகு, சிதறியவர்களைச் சேர்க்க அங்கே வந்தவர் அபே துபுவா என்ற பிரெஞ்சுக் குரு. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூடத் துணிந்து தன் விசுவாசத்தை அறிக்கையிட்டு உயிர்விடவில்லையே என்று 1823இல் வெளியான தம் கடிதங்களில் அவர் வெட்கப்பட்டு எழுதினார்.

அந்த வெட்கத்தில் எனக்குப் பங்கில்லை. வாள் முனையில் நின்றவரை வீரம் போதவில்லை என்று பழிப்பது கொடுமை. நான் கவனிப்பது வேறு. தனித்தனித் தலைக்குள் இருந்த நம்பிக்கை அச்சத்தின் முன் நிற்கவில்லை. அதே மனிதர்கள் ஒன்று சேர வழி பிறந்ததும் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தார்கள், ஊர் திரும்பி ஆலயங்களை மறுபடி கட்டினார்கள். சொந்தமும் சுற்றமுமாகச் சேர்ந்தபோதுதான் அவர்களுக்கு முதுகு நிமிர்ந்தது. அவர்களிடமிருந்து கூட்டத்தைப் பிடுங்க ஓர் அரசனின் படை தேவைப்பட்டது. நீங்கள் சோம்பலில் அதை விட்டுக்கொடுக்கிறீர்கள். இது வெறும் பழங்கதையும் அல்ல. 2022 கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள், இதே மைசூர் மாவட்டத்தின் பெரியாபட்டணத்தில் புனித மரியன்னை ஆலயத்துக்குள் புகுந்து குழந்தை இயேசு சிலையைச் சேதப்படுத்தினார்கள். அப்படி ஒரு காலையில் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டு போக, கூட நிற்க, நாலு பேர் வேண்டும். வீட்டில் இருக்கும் விசுவாசி செய்தியைப் படித்துப் பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

இனி, கடினமான கேள்வி. சபை தன் மக்களையே அவமதிக்கும்போது என்ன செய்வது?

சாதி பார்க்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் குழிகளைப் பிரிக்கச் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் பாகுபாடு தாங்காமல் தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டார்கள், 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அரசும் கைகொடுப்பதில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. கிறிஸ்தவராக இருப்பதாலேயே அரசிடம் உரிமை இழந்தவர் சபையிடம் மரியாதையும் இழப்பதற்குப் பெயர் மோசடி.

ஆகவே அவமதிக்கப்பட்டவர் வெளியேறினால் அவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. குருவிடமோ போதகரிடமோ துன்பப்பட்ட பெண்ணை, பிள்ளையை, “சபையை விடாதே” என்று மீண்டும் அதே வாசலுக்கு அனுப்புகிறவர் குற்றத்துக்குத் துணைபோகிறார். எறையூர் மக்கள் தனிப்பங்கு கேட்டதுகூடக் கூட்டத்தை விட்டுப் போவதல்ல, மரியாதையுள்ள கூட்டம் ஒன்றைக் கேட்டதுதான். வெளியேறும் உரிமை காயப்பட்டவருக்கு உண்டு, சலித்துப்போனவருக்கு இல்லை. நான் கேள்வி கேட்பது உங்களை, வசதியாக இருப்பவரை. சுவரால் உங்களுக்கு நஷ்டமில்லை. கேட்டால் காதுகொடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் சபையைத் துறந்ததால் மேலப்புதூர்ச் சுவரில் ஒரு செங்கல்கூட விழாது.

சுவரை விழ வைத்தவர் உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், 1872இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள் இருந்தன. வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. பலிபீடம் ஒன்றே, அதைப் பார்க்கும் இடம்தான் சாதிக்குச் சாதி வேறு. பங்குக் குருவாக இருந்த அட்ரியன் கௌசானல் 1910இல் அந்தத் தடுப்பை இடித்தார். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது, சாதிவழியில் தனியிடம் கேட்ட வாதிகள் தோற்றார்கள். இடித்த கை உள்ளே இருந்தவரின் கை. மனம் வெறுத்து அவர் ஊரைவிட்டுப் போயிருந்தால், அந்தத் தடுப்பு இன்னும் பல தலைமுறைகளுக்கு நின்றிருக்கும்.

மைசூரிலும் அண்மையில் ஒன்றைப் பார்த்தோம். 2019இல் மறைமாவட்டத்துக் குருக்கள் 37 பேர் தங்கள் ஆயர்மீது கடுமையான குற்றச்சாட்டுகளை எழுதி, அவரை நீக்கும்படி போப்புக்கு அனுப்பினார்கள். ஆயர் அவற்றை மறுத்தார். 2023 ஜனவரியில் அவர் பொறுப்பைவிட்டு விடுப்பில் போக, பெங்களூரின் ஓய்வுபெற்ற பேராயர் பெர்னார்ட் மொராஸ் நிர்வாகியாக வந்தார். யார் பக்கம் உண்மை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ரோம் வரை கேள்வியைக் கொண்டுபோனவர்கள் உள்ளே இருந்தவர்கள். அதைச் செய்ய அவர்களுக்கு ஒரு பேரேட்டில் பெயர் இருந்தது, கையெழுத்துக்கு மதிப்பு இருந்தது. ஞாயிறுதோறும் கைபேசியில் ஊழியக்காரர் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த உரிமை உண்டா? உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. அவர் காணிக்கை வாங்கும் க்யூஆர் கோடு மட்டும் உங்களுக்குத் தெரியும். கணக்குக் கேட்க வழியில்லாத இடத்துக்குப் பணம் அனுப்பிவிட்டு, கணக்கு சரியில்லை என்று பங்கைவிட்டு விலகியதாகச் சொல்கிறீர்கள்!

“மனிதர்களோடு கூடுவதற்குக் கிளப் போதாதா, சாதிச் சங்கம் போதாதா?” என்று கேட்கலாம். போதாது. அங்கெல்லாம் நம்மைப் போன்றவரோடுதான் நாம் கூடுகிறோம். பங்குக்கு எல்லை தெருக்கணக்கில் போடப்படுகிறது, யார் பக்கத்தில் வந்து உட்காருவார் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. இன்போசிஸ் வளாகத்தில் வேலை பார்க்கிறவரும் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவரும், கன்னடம், தமிழ், கொங்கணி, மலையாளம் பேசுகிறவர்களும் ஒரே வரிசையில் போய் ஒரே அப்பத்தை வாங்குகிறார்கள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் இந்த ஊர் அவர்களை அப்படி நிற்க விடாது. அந்த வரிசையில் நிற்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதா என்று மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள். ‘எனக்கு அமைதி தேவை’ என்ற பேச்சுக்கு அடியில் அந்தக் கூச்சம் ஒளிந்திருக்கக்கூடும்.

பகுத்தறிவாளர்களுக்கும் இது தெரியும். பெரியார், “அவரவர் வீட்டில் பகுத்தறிவோடு இருங்கள்” என்று சொல்லிவிட்டு உட்காரவில்லை. 1925இல் ‘குடி அரசு’ இதழ் தொடங்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாகாண மாநாட்டைக் கூட்டினார். படிப்பகங்கள் வந்தன. புரோகிதர் இல்லாத திருமணத்துக்கு ஊரைக் கூட்டிச் சாட்சி நிற்க வைத்தார்கள், 1967இல் அண்ணா ஆட்சி அதைச் சட்டமாக்கியது. கூடாமல் எந்தக் கொள்கையும் எந்தச் சமூகத்தையும் மாற்றியதில்லை. நாத்திகமே அப்படித்தான் வேர்பிடித்தது என்றால், அன்பைக் கட்டளையாகப் பெற்றதாகச் சொல்லும் மதம் ஆளில்லாமல் நடக்குமா?

ஆகவே வருகிற ஞாயிறு போங்கள். தலைகுனிந்து திரும்பும் ஊதாரி மகனாக வேண்டாம், பங்காளியாகப் போங்கள். சந்தாவைக் கட்டுங்கள், கட்டியவர் என்ற உரிமையில் ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். பங்குப் பேரவையில் தலித்துகளும் பெண்களும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், குறைந்தால் எழுந்து கேளுங்கள். கல்லறையில் யாருக்கு எங்கே குழி வெட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு, புகார் யாரிடம் கொடுப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் துணிப்பை உங்கள் முன் வரும்போது கையை உள்ளே விடுங்கள், பிறகு யாராவது ஒருவரோடு அந்த வீட்டுப் படியேறுங்கள். இத்தனையும் செய்துவிட்டு வாருங்கள், கடவுள் உண்டா இல்லையா என்று விடிய விடிய நாம் வாதிடலாம். இதில் எதையும் செய்யாத நம்பிக்கையோடு வாதிட எனக்கு ஒன்றுமே இல்லை.